மூலபாஷையில் ஒரு சங்கீதம்

கண்டக்டர் தம்பி, டிரைவர்கிட்ட அந்தப் பாட்டக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. குறைக்காண்டாம், நிறுத்தியே போடச் சொல்லுங்க. பாத்தியளா, சிரிச்சிட்டுப் போறான். வயசானவன் ஒருத்தன் சொல்லுதானேன்னு ஒரு இது இருக்கா? நீங்க தள்ளி உக்கார வேண்டாம் தம்பி, எனக்கு இந்த ஓரம் போதும். திருச்செந்தூர் வரைக்கும் போறியளா? நல்லது. நான் குரும்பூர்ல இறங்கிருவேன். அங்கேருந்து எங்க ஊருக்கு மினி பஸ்.

எனக்குப் பாட்டு பிடிக்காதுன்னு நினைச்சிராதீங்க. இன்னைக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். இன்னைக்குக் காலையில பாளையங்கோட்டையில ஒரு பெரிய ஆபீஸுக்குப் போயி, நான் நினைச்ச காரியத்த நினைச்சபடி முடிச்சிட்டு வாரேன். போன பதவி திரும்பக் கிடைச்சாச்சு. கையெழுத்து, சீல், எல்லாம் ஆச்சு. அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கியன்னு கேக்கிய. நீங்க கேக்கல, ஆனா பாத்தா கேக்குற மாதிரிதான் இருக்கு. சொல்லுதேன்.

பேரு ஞானாயுதம். பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா முப்பத்திரண்டு வருஷம். பிள்ளைக எல்லாம் ஆயுதம் சார்னு சொல்லும், அது முகத்துக்கு நேரா. முதுகுக்குப் பின்னால வேற சொல்லும், அது நமக்கு வேண்டாம். ஆறுதல்விளைக் கோயில்ல பாடகர் குழுத் தலைவரா இருபத்தாறு வருஷம். நீங்க நம்ம சபையா? இல்லையா. பரவாயில்ல, விளக்கமாவே சொல்லிருதேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில வெள்ளை உடுப்புப் போட்டு முன்னால ரெண்டு வரிசையா நிப்பாங்க பாருங்க, அதான் பாடகர் குழு. பொம்பளையில மேல் குரல் சோப்ரானோ, அதுக்குக் கீழ ஆல்டோ. ஆம்பிளையில டெனர், அடியில பேஸ். நாலும் நாலு வழியாப் போயி ஒரே இடத்துல வந்து நிக்கணும். அத நிக்க வைக்கிறவன் நான். சும்மா நிக்குமா? டிரில் எடுக்கிற மாதிரி எடுக்கணும். எங்கிட்ட ஒரே சட்டந்தான், பிராக்டிஸ்ல பேச்சுக் கூடாது. பாட வந்தியா, பாடு. சந்தேகமா, முடிச்சிட்டுக் கேளு. முடிச்சதும் நான் சைக்கிள எடுத்துருவேன், அது வேற விஷயம்.

வருஷா வருஷம் எங்க வட்டாரத்துப் பதினாலு கோயிலுக்கும் பாட்டுப் போட்டி நடக்கும். முதல்ல வாரவங்களுக்குச் சுழற்கேடயம். அஞ்சு வருஷமா அந்தக் கேடயம் சாலோம்நகர விட்டு அசையல. அவங்க கீபோர்டு, டிரம்ஸு, கலர் லைட்டுன்னு ஒரு கல்யாணக் கச்சேரியே வைப்பாங்க. நமக்கு மூணாவது, நாலாவது. ஒரு வருஷம் ஆறுதல் பரிசு. ஆறுதல்விளைக்கு ஆறுதல் பரிசுன்னு சாலோம்நகர்க்காரன் டீக்கடையில உக்காந்து சொன்னான், நான் அங்கேயே நிக்கேன். அந்த வருஷம் நடுவரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், ஒழுங்கு இருக்கு, உயிர் இல்ல"ன்னாவ. ஒழுங்கு இருந்தா உயிர் தன்னால வராதா? ஆனா ஒண்ணு தம்பி. இருபத்தாறு வருஷத்துல எங்க பாட்டக் கேட்டு ஒருத்தர் கண்ணுல தண்ணி வந்து நான் பாத்ததில்ல. இத எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. உங்க பேருகூட எனக்குத் தெரியாது, உங்ககிட்ட சொல்லுதேன்.

அந்தச் சமயத்துலதான் பரிசுத்த நாட்டுப் பயணம் வந்துச்சு. இயேசு பிறந்த ஊரு, நடந்த ஊரு எல்லாத்தையும் பத்து நாள்ல காட்டிக் கூட்டிட்டு வந்துருவாங்க. நானும் எம் பொண்டாட்டி லில்லிபுஷ்பமும் போனோம். மொத்தம் நாப்பத்தாறு பேரு. கலிலேயாக் கடலப் பாத்துட்டு பஸ்ல எருசலேமுக்கு வாரோம். டிரைவரு ரேடியோவப் போட்டான். எபிரேயத்துல ஒரு பாட்டு. அவ்வளவுதான், டிரைவரும் எங்களக் கூட்டிட்டுப் போன கைடும் சேந்து பாட ஆரம்பிச்சிட்டாங்க. கைடு பேரு நடாவ். நாப்பது வயசு இருக்கும், நல்ல ஆஜானுபாகு. பாடப் பாட அவன் கண்ணு கலங்கிருச்சு தம்பி. ஒரு பாட்டுக்கு ஒரு ஆம்பிள, ஓடுற பஸ்ஸுல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதான். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. உள்ளதச் சொல்லணும்ல.

என்ன பாட்டுப்பா இதுன்னு என் இங்கிலீஷ்ல கேட்டேன். அவன் சொன்னான், எங்க நாட்டுல பச்சப் பிள்ளையிலேருந்து கிழவன் வரைக்கும் இந்தப் பாட்டு தெரியும், எல்லாத் தேசத்துக்காரனும் கூடியிருந்த இடத்துல இது முதல்ல வந்துச்சு, ஜெயிச்ச அன்னைக்கு ஜனம் பூரா தெருவுக்கு வந்துட்டு, நான் எங்க அப்பா தோள்ல உக்காந்திருந்தேன். இப்படிச் சொன்னான். நீங்களே சொல்லுங்க. எபிரேய பாஷை. தாவீது ராஜா பேசின பாஷை. வேதத்துல சங்கீதம்னு இருக்கிற துதிப்பாட்டு நூத்தம்பதும் அந்தப் பாஷையிலதான் எழுதியிருக்கு. போறது எருசலேமுக்கு. சகல தேசத்தாருக்கும் முன்பா நின்னு ஜெயிச்ச பாட்டுன்னா அது வேற என்னவா இருக்கும்? வேதம் வாசிக்கிறவன் எவனா இருந்தாலும் சங்கீதம்னுதான் நினைப்பான். அந்தப் பாஷையில ஒருத்தன் தக்காளி வித்தாலும் எனக்கு வசனம் சொல்லுற மாதிரிதான் காதுல விழுந்துச்சு.

லில்லிபுஷ்பம் பக்கத்துல இருந்துக்கிட்டு, "ஏங்க, டான்ஸ் பாட்டு மாதிரில்லா இருக்கு. டிரைவரு தோள ஆட்டுதான் பாருங்க"ன்னா.

"தாவீது ராஜாவே உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால குதிச்சு ஆடினவருதான். நீ ஒழுங்கா வேதத்த வாசி"ன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

இப்ப நினைச்சா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. நாப்பத்தாறு பேரு இருந்தோம் அந்த பஸ்ஸுல. ஒருத்தராவது, ஞானாயுதம், அது சங்கீதம் இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?

பாட்ட போன்ல பிடிச்சிட்டு வந்துட்டேன். வீட்டுல உக்காந்து அதக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்துல எழுதினேன். மூணு மாசம். லில்லிபுஷ்பம் தலைவலிக்குன்னு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. நாலு குரலுக்கும் பிரிச்சேன். ஒரே ஒரு குறைதான், வேகம். சங்கீதத்துக்கு அவ்வளவு வேகம் ஆகாது. இந்தக் காலத்துப் பயலுவ அவசரத்துல கெடுத்து வச்சிருக்கானுவன்னு முடிவு பண்ணி, வேகத்த மூணுல ஒரு பங்கா இறக்கினேன். மூணு நிமிஷப் பாட்டு ஒம்பது நிமிஷம் ஆச்சு. இறக்கினதுக்கப்புறம் கேட்டா, அடேயப்பா, அதுக்குள்ள அப்படி ஒரு துக்கம் இருந்திருக்கு. வேகத்துல அது தெரியவே இல்ல. அது மட்டும் எங் கண்டுபிடிப்பு தம்பி, அத எவனும் எங்கிட்டருந்து பிடுங்க முடியாது.

இப்ப எப்சிபாயப் பத்திச் சொல்லணும். ஆல்டோவுல நிக்கிறவ. நாப்பத்திரண்டு வயசு, புருஷன் தவறிட்டான். ஏழு வருஷம் வெளிநாட்டுல ஒரு வயசான அம்மாவப் பாத்துக்கிற வேலைக்குப் போயிருந்தா. குளிப்பாட்டி விடுறது, ஊட்டி விடுறது, அந்த மாதிரி. விசா முடிஞ்சு திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகுது. எந்த நாடுன்னு கேக்கியளா? இஸ்ரேல்தான். ஹைஃபான்னு ஒரு ஊரு.

நீங்க அப்படி முழிக்காதீங்க. அவளுக்கு அந்தப் பாஷை தெரியுமான்னு நான் யோசிக்காமலா இருப்பேன்? நல்லாவே தெரியும். உச்சரிப்புச் சொல்லிக் குடுக்க அவளத்தான் முன்னால நிக்க வச்சேன். "இந்த எழுத்து தொண்டைக்கு அடியிலேருந்து வரணும் அண்ணாச்சி, காறுற மாதிரி"ன்னு சொல்லிக் குடுத்தா. உச்சரிப்பு மட்டும் கேட்டேன். அர்த்தம் எதுக்குக் கேக்கணும்? சங்கீதத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

முதல் நாள் பாட்டப் போட்டுக் காட்டினப்போ அவ கையால வாயப் பொத்திக்கிட்டா. தோள் ரெண்டும் குலுங்குது. ஆவியானவர் இறங்கிட்டாருன்னு எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. முடிஞ்சதும் ஓடி வந்து, "அண்ணாச்சி, இந்தப் பாட்டு வந்து..."ன்னு ஆரம்பிச்சா.

"பிராக்டிஸ்ல பேச்சுக் கூடாது."

"பிராக்டிஸ் முடிஞ்சிட்டே அண்ணாச்சி."

"அப்ப வீட்டுக்குப் போ"ன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? ஒருத்தர விட்டா இருபது பேரும் பேசுவாங்க.

பெறகு ஒரு வாரம் கழிச்சு ராசையா பலசரக்குக் கடையில நிக்கேன். அவளும் வந்தா. பக்கத்துல வந்து, மெதுவா, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க, அது கோயில் பாட்டு இல்ல"ன்னா. நான் சிரிச்சிட்டேன். "கோயில் எப்ப வந்துச்சு? சாலொமோன் ராஜா காலத்துலதான் வந்துச்சு. அதுக்கு முன்னால கூடாரந்தான இருந்துச்சு? அப்ப இது கூடாரத்துப் பாட்டா இருக்கும், இன்னும் பழசு"ன்னேன். அவ ஏதோ சொல்ல வாயெடுத்தா. ராசையா மல்லிப் பொட்டலத்த நீட்டினான், வாங்கிட்டு வந்துட்டேன். கூடாரத்துப் பாட்டுங்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே குழுவுல அத விளக்கிச் சொன்னேன்.

மூணாவது, போட்டிக்கு முந்தின நாள். கோயில் பக்கத்துக் கதவுகிட்ட நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு நானே போயிக் கேட்டேன், கேட்டுக்கிடுங்க, நானே போயி, "என்ன எப்சிபாய்?"னு கேட்டேன். கதவுத் தாழ்ப்பாளத் தள்ளித் தள்ளி விட்டா. பெறகு, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னுங் கொஞ்சம் மெதுவாப் பாடலாமா?"ன்னா. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. இருபத்தாறு வருஷத்துல எம் பாட்டு வேகம்னு சொன்ன முதல் ஆளு அவதான்.

இவ்வளவுதான் நடந்தது. இதுல யாரு எங்கிட்ட என்ன சொன்னாங்க? ஒருத்தரும் சொல்லல.

போட்டிக்கு ஒரு பாரம் நிரப்பணும். பாட்டு எழுதினவர்னு ஒரு கட்டம் இருக்கும். தாவீதுன்னு எழுதினேன். மேடையில அறிமுகம் நான்தான் பேசினேன். எருசலேம் தேவாலயத்துப் படிக்கட்டுல ஆலயப் பாடகரான லேவியர் வரிசையா நின்னு பாடின சங்கீதம், இப்ப மூலபாஷையிலேயே பாடப்போறோம்னு சொன்னேன். படிக்கட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. அறிமுகம்னா கொஞ்சம் நிறைவா இருக்கணும்ல.

பாடினோம் தம்பி. அந்த ஒம்பது நிமிஷத்தப் பத்தி நான் என்னத்தச் சொல்ல. அறுநூறு பேரு இருந்த மண்டபத்துல ஒரு பிள்ளை இருமல. முதல் வரிசையில ஒரு அம்மா முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைச்சா. அவளப் பாத்து அடுத்தவ. பெறகு ஆம்பிளைகளும். தலைமை நடுவரு கண்ணாடியக் கழத்தி மேசையில வச்சிட்டு மூக்க உறிஞ்சினாவ. எங்க ஆல்டோ வரிசையில எப்சிபாய்க்குக் கண்ணீர் கன்னத்துல ஓடுது, ஆனா சுருதி ஒரு நூல் விலகல. சாலோம்நகர்த் தலைவரே எந்திரிச்சு நின்னாரு. அவரு எந்திரிச்சதும் மண்டபமே எந்திரிச்சு நின்னுச்சு. நான் கைய இறக்க முடியாம நிக்கேன். எனக்கும் அழுகை வந்துட்டு. கேடயத்த எங்கையில குடுத்தாவ.

அந்த வீடியோவ எங்க டெனர்க்காரன் நெட்டுல போட்டான். ஒரு வாரத்துல நாலு லட்சம் பேரு பாத்தாச்சு. கீழ பூரா எபிரேய எழுத்துல என்னென்னமோ எழுதியிருக்கு, நூத்துக்கணக்குல, சிவப்பு இதயம், அழுற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சி. தெரிஞ்செடுக்கப்பட்ட ஜனமே எங்கள வாழ்த்துதுன்னு எனக்குத் தலைகால் புரியல. பிரிண்ட் எடுத்தேன். பதினெட்டுப் பக்கம். கோயில் அறிவிப்புப் பலகையில, ‘இஸ்ரவேல் ஜனத்தாரின் ஆசீர்வாத மொழிகள்’னு தலைப்புப் போட்டு ஒட்டினேன். ஆராதனை முடிஞ்சு போறவங்க அதத் தொட்டுக் கும்பிட்டுப் போனாங்க.

ரெண்டு ஞாயித்துக்கிழமை அப்படியே இருந்துச்சு. மூணாவது வாரம், ஞாயிறு பள்ளி டீச்சர் பியூலா செல்போன அந்தத் தாளுக்கு நேராப் பிடிச்சா. போனு தமிழ்ல மாத்திச் சொல்லுமாம். அவ முகம் போன போக்கப் பாத்து ஐயரு வந்தாரு. எங்க சபையில குருவானவர ஐயருன்னுதான் சொல்லுவோம். அவரு சத்தமா வாசிச்சாரு. முதல் ஆசீர்வாதம், ‘எங்க அத்தை கல்யாணத்துல செருப்பப் பிச்சு எறிஞ்சிட்டு ஆடின பாட்டு. இவங்க யாரைப் புதைக்கப் போறாங்க?’

அது வருஷா வருஷம் பல தேசத்துக்காரங்க டிவியில பாடுற போட்டியாம் தம்பி. நாட்டுக்கு ஒரு பாட்டு, ஜனங்க போன்ல ஓட்டுப் போடுவாங்களாம். ஒரு வருஷம் அந்த நாட்டுப் பாட்டு முதல்ல வந்திருக்கு. அந்தப் பாட்டுதான் இது. எழுதினது தாவீது இல்ல, யாரோ ஒரு பொம்பள. என்ன பாட்டு தெரியுமா? ஒருத்தி, அவள விட்டுட்டுப் போனவனப் பாத்துப் பாடுறா. நீ கூப்பிட்டா போன எடுக்க மாட்டேன், உன் மோதிரத்தக் கடல்ல போட்டாச்சு, புதுச் செருப்பு வாங்கிட்டேன், அது தேயத் தேய விடியற வரைக்கும் ஆடுவேன். எங்க பேஸ் வரிசையில எட்டுப் பேரு, எல்லாருக்கும் நரைச்ச மீசை, ஒருத்தரு ரிட்டயர்டு தாசில்தாரு. ஒரு இடத்துல மத்த மூணு குரலையும் நிறுத்தி அவங்கள மட்டும் ஆழமா இறங்க விட்டிருந்தேன். நடுவரு கண்ணாடியக் கழத்தினது அந்த இடத்துலதான். அந்த வரிக்கு அர்த்தம், ‘போடா, உன் அம்மாகிட்டயே போ’.

கேடயம் சாலோம்நகருக்குத் திரும்பிப் போச்சு. டீக்கடையில என்ன பேசியிருப்பானுவன்னு நான் கேக்கப் போகல. எங்க சபைக் கமிட்டி கூடிச்சு. ஞானாயுதம் தலைவரா இருக்காண்டாம்னு முடிவு பண்ணிட்டு, குழுவ யாரு கையில குடுத்தாங்க தெரியுமா? எப்சிபாய் கையில. நாலு மாசமா நான் கீழ பெஞ்சில உக்காந்திருக்கேன். கையு சும்மா இருக்க மாட்டேங்கு தம்பி. பாட்டு ஆரம்பிச்சதும் அதுவாவே எந்திரிக்குது. லில்லிபுஷ்பம் பிடிச்சு மடியில வச்சுக்கிடுதா.

எப்சிபாய்க்குத் தெரிஞ்சிருக்கே, ஏன் பேசாம இருந்தாங்கிறது போன மாசந்தான் எனக்குத் தெரிஞ்சுது. எங்க வீட்டுக்கு வந்தா. நான் ஹால்ல பேப்பர முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டேன். அவ அடுக்களைக்குப் போயிட்டா. லில்லிபுஷ்பம் கேட்டா, "ஏம்ட்டீ, நீயாவது நல்லா உறைக்கிற மாதிரி சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் போனேன் அக்கா. முதல் ரெண்டு தடவ சிரிப்ப அடக்க முடியல. நான் பாத்துக்கிட்டேன் பாருங்க, மல்காம்மா, அவங்களுக்குக் கடைசியில எல்லாம் மறந்துபோச்சு. பெத்த மகன் பேரு மறந்துபோச்சு. இந்தப் பாட்டு மட்டும் மறக்கல. இதப் போட்டாத்தான் வாயத் தொறந்து கஞ்சி குடிப்பாங்க. தோள ஆட்டிக்கிட்டே குடிப்பாங்க. ஏழு வருஷத்துல எத்தன ஆயிரந் தடவ போட்டிருப்பேன்! விசா முடிஞ்சு நான் வந்து ரெண்டு மாசத்துல செத்துப்போனாங்க. மகன் போன்ல ஒரு வரி அனுப்பினான். அன்னைக்கே அடக்கம் பண்ணிருவாங்க அங்க. நான் இங்க தண்ணி பிடிக்க வரிசையில நின்னேன். அழக்கூட இல்லக்கா. யாரு செத்தான்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. பெறகு சொன்னா, "அண்ணாச்சி அத மெதுவாப் பாட வச்சாங்க பாருங்க. அது அவங்க அடக்க ஆராதனை மாதிரி இருந்துச்சு. அப்புறம் எனக்குச் சொல்ல மனசு வரல. போட்டி முடியட்டும், ஒரு தடவ முழுசாப் பாடிக்கிடுவோம்னு இருந்துட்டேன். எந் தப்புதான்."

எனக்கு என்ன கோபம் வந்துச்சு தெரியுமா? சத்தியமாச் சொல்லுதேன், அவ ஏமாத்தினதுக்கு இல்ல. இருபத்தாறு வருஷமா நான் மெய்யான சங்கீதத்தப் பாட வச்சேன். ஒரு கண்ணு நனையல. ஒருத்தி செருப்பு வாங்கின பாட்டுக்கு மண்டபமே அழுதுச்சு. இதுக்கு நான் யார்மேல கோபப்பட? தாவீது மேலயா? வேற யாரு கையில அகப்படுவா, இவதான் அகப்பட்டா. எழுதினேன் பெரிய ஆபீஸுக்கு, எங்க பக்கத்துக் கோயில் எல்லாத்துக்கும் மேல உள்ள ஆபீஸு அது. இன்னார் ஆல்டோ பாடுகிறவர், அந்த நாட்டில் வேலை பார்த்தவர், பாட்டின் அர்த்தம் முழுவதும் தெரிந்தும் தலைவராகிய என்னிடம் மறைத்துவிட்டார். இதுல எந்த வார்த்தை பொய்? அவளே எந் தப்புன்னு சொன்னால்லா?

அந்த விசாரணைதான் இன்னைக்கு. செயலாளர் துரைசிங் ஐயா நல்ல மாதிரியாப் பேசினாவ. அவங்களுக்கும் இது முடிஞ்சாத் தேவலை, அழுத நடுவரு அவங்க மச்சான். "அந்தம்மா மறைச்சது உறுதியானா உங்க பேருல குத்தமில்ல, குழு உங்களுக்குத்தான்"னாவ. அவள வரச் சொல்லல, போன் போட்டாவ. ஸ்பீக்கர்ல வச்சாவ.

"எப்சிபாய், அது என்ன பாட்டுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்யா."

"ஞானாயுதம் சார்கிட்ட சொன்னீங்களா?"

நான் பதில ரெடியா வச்சிருந்தேன் தம்பி. மூணு தடவ சொல்லப் போனேன்னு அவ சொன்னா, பிராக்டிஸ் நேரத்துல சொன்னா எப்படிக் கேக்க முடியும், பலசரக்குக் கடையில வச்சுச் சொல்லுற விஷயமா இது, மூணாவது தடவ நான் கேட்டும் ஒண்ணுமில்லன்னுதான சொன்னே, இப்படி வரிசையா வச்சிருந்தேன்.

"சார் அங்க இருக்காவளா ஐயா?"ன்னு கேட்டா.

"இருக்காங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

"இல்லய்யா. நான் அவங்ககிட்ட சொல்லல."

ரெண்டு வருஷத்துக்கு நீங்க குழுவுல நிக்கக் கூடாதும்மான்னு ஐயா சொன்னாவ. சரிங்கய்யான்னா. சனிக்கிழமை பிராக்டிஸ், கோயில் பீரோச் சாவிய பியூலாகிட்ட குடுத்து விடுதேன், சார்கிட்ட சொல்லிருங்கன்னா. வச்சிட்டா.

பொய் தம்பி. கோயில் ஆபீஸுல, ஐயா காதுல, துணிஞ்சு பொய் சொல்லிட்டா. கடையில வச்சு, ராசையா சாட்சியா, இது கோயில் பாட்டு இல்லன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னவ. எதுத்துப் பேசியிருந்தா நானும் நாலு பேசியிருப்பேன். சண்டை போட்டிருந்தா எனக்கு இவ்வளவு கோபம் வராது. நான் அவகிட்ட இத வாங்கிட்டு வரவா பாளையங்கோட்டைக்குப் போனேன்?

துரைசிங் ஐயா பேனாவ மூடிட்டு, "அப்ப சரிதான ஞானாயுதம்? உங்ககிட்ட யாரும் சொல்லல, அப்படித்தான?"ன்னாவ. இல்லய்யா, சொன்னா, நான்தான் கேக்கலன்னு சொல்லணும். எவ்வளவு நேரம் ஆகும் அதச் சொல்ல? வாயத் தொறந்தேன். "ஆமாய்யா, ஒருத்தரும் சொல்லல"ன்னு வந்துச்சு.

சீல் போட்டாவ. வாங்கிட்டு வந்துட்டேன்.

குரும்பூர் வந்துட்டா? வளைவு திரும்புது, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. தம்பி, நீங்க பாளையங்கோட்டையிலேருந்து ஒரு வார்த்தை பேசல. நான்தான் பேச விடல, தெரியுது. இப்ப சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன். திட்டணும்னா திட்டுங்க, சரின்னா சரின்னு சொல்லுங்க. கேக்குதேன்.

ஏன் கீழ குனிஞ்சுக்கிட்டிய? ஏதாவது சொல்லுங்க தம்பி. பஸ்ஸு நிக்கப்போகுது.